யாருக்கோ எழுதிய கடிதங்கள்

பழைய ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் அலைந்த ஊர்களில் கரிவலம்வந்தநல்லூரும் ஒன்று. சங்கரன்கோயிலுக்குப் பக்கத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. பாண்டியர் காலத்து ஏட்டுச்சுவடிகள் அந்த ஊர்க் கோயிலில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையோடு போனார். அங்கே கிடைத்த பதிலை ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார். சிதைந்து கிடந்த ஏடுகளை ஆகமத்தில் சொன்ன முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் சேர்த்துவிட்டார்களாம். தமிழ் படித்தவர்கள் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வது வழக்கம். அடித்துக்கொள்ள வேண்டிய காரியம்தான். ஆனால் அந்த ஹோமத்தைச் செய்தவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்தால் ஒரு நல்ல கேள்வி கையை விட்டுப் போய்விடும். அவர்கள் ஏடுகளைக் குப்பையில் வீசவில்லை, அடுப்பில் வைக்கவும் இல்லை. நெய் வார்த்து மரியாதையோடு வழியனுப்பினார்கள். ஒருகாலத்தில் உயிரோடு புழங்கி, இப்போது யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் ஒரு பொருளை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு விடை இருந்தது. தவறான விடைதான். ஆனாலும் அது சமய உணர்விலிருந்து வந்த விடை.

அதே கேள்வி இப்போது வீடுகளுக்குள் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஆண்டுகளில் கல்யாணம் நிச்சயமானவர்கள், புதிதாகத் தாலி கட்டிக்கொண்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டிகளின் அடியில், பட்டுச்சேலைக்கும் பத்திரங்களுக்கும் கீழே, ஒரு கட்டுக் கடிதமும் ஸ்டுடியோவில் எடுத்த நாலைந்து புகைப்படங்களும் இருக்கும். காதல் கடிதம் என்று அவற்றைச் சொல்லச் சிலர் கூச்சப்படலாம். நம் பக்கத்தில் அந்தக் காலத்துக் காதல் பெரும்பாலும் தாலிக்குப் பிறகுதான் தொடங்கியது. முன்பின் பார்த்திராத இருவர், பிரிந்திருந்த காலத்தில், எழுத்தின் மூலமாக ஒருவரையொருவர் அறிந்து விரும்பத் தொடங்கினார்கள். பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைகள் முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. மற்றச் சாமான்களோடு சேர்த்து எரித்துவிடலாம். அலைபேசியில் படமெடுத்து உறவுக்காரர் குழுவிலும் அதைத் தாண்டியும் பரப்பலாம். யாரும் பார்க்காதபடி அப்படியே மூடி வைக்கலாம். எது சரி என்பதைத் தாள் எவ்வளவு நாள் தாங்கும் என்ற கணக்கு தீர்மானிக்காது. இறந்தவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதே அடிப்படைக் கேள்வி. வைத்துக் காப்பதே கடமை என்பது என் கட்சி. ஆனால் காப்பது வேறு, வெளியிடுவது வேறு. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைத் தமிழ் மரபு வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

தென்காசி வட்டாரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசி பிரிட்டிஷ் மதராஸ் மாகாணம். அஞ்சல் என்ற பெயரில் திருவிதாங்கூருக்குத் தனித் தபால் துறையே இருந்தது. 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு கலந்தது. ஆகவே பக்கத்து ஊரில் பெண் எடுத்தவன்கூட இரண்டு அரசுகளின் எல்லையைத் தாண்டித்தான் காதலித்தான். ரயில் பாதையும் அப்படியே. போர்க்காலத்தில் சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போக இருந்த ஒரே வழி செங்கோட்டைக் கணவாய். எறணாகுளத்திலிருந்து கொல்லத்துக்குப் பாதை 1950களில்தான் வந்தது. நாகர்கோவில் வழிப் பாதைக்கு அதற்கு மேலும் இருபத்தைந்து ஆண்டுக்குப் பக்கமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மலை ஏறிய ஒவ்வொரு வண்டியும் இரு பக்கத்துப் பிரிவையும் சுமந்துகொண்டு போனது. கடையநல்லூரின் கதை இன்னும் கடுமையானது. அந்த ஊர் முஸ்லிம் நெசவாளர் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போய்க்கொண்டிருந்தன. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய ஆண்டு 1941. மறு ஆண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகளுக்கு அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் வழக்கமான தபால் இல்லை. எழுதியும் அனுப்ப முடியாத கடிதங்கள், பதில் வராது என்று தெரிந்தே எழுதியவை, 1945 கடைசியில் வந்து சேர்ந்த முதல் கடிதம் என்று அந்தப் பெட்டிகளில் எது கிடந்தாலும் அது சாதாரணத் தாள் இல்லை.

எரித்துவிடலாம் என்பவர்களின் வாதத்தை முதலில் முழுப் பலத்தோடு கேட்க வேண்டும். நம் சாவுச் சடங்குகள் எதையும் வைத்துக்கொள்ளச் சொல்வதில்லை. உடலை எரிக்கிறோம், சாம்பலை ஆற்றில் கரைக்கிறோம், படுக்கையையும் உடுத்திய துணியையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். உயிர் தன் வழியில் போகப் பற்றுகள் அறுபட வேண்டும் என்பது இதன் உட்பொருள். பற்றுகளிலேயே வலுவானது ஆணும் பெண்ணும் ஒருவர் மேல் ஒருவர் கொண்ட ஆசை. அதை எழுத்தில் கட்டிப் பெட்டியில் பூட்டி வைப்பது போனவருக்கும் பாரம், இருப்பவருக்கும் பாரம். இந்த வாதத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பொருள்களுக்கு அடிமையாகாதே என்ற எச்சரிக்கை இதற்குள் இருக்கிறது, அது உண்மையான எச்சரிக்கை. ஆனால் சைவ சித்தாந்தமே இதற்கு மறுப்பு வைத்திருக்கிறது. மாயையை அது வெறும் கட்டாகப் பார்ப்பதில்லை. உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் மாயையிலிருந்து எடுத்துக் கொடுத்தவை; விடியும் வரைக்கும் மாயை விளக்காக நின்று உதவும் என்பது உமாபதி சிவம் போன்ற ஆசிரியர்கள் வகுத்த நெறி. விளக்கைச் சூரியன் என்று எண்ணுவது பிழை. இரவிலேயே அணைத்துவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

சாஸ்திரத்தை விட்டு வீட்டுச் சாமிகளிடம் வந்தால் இன்னும் தெளிவாகிறது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடும் நெல்லைச் சீமை வீடுகளில் அவளுக்கென்று புதுச்சேலை, வளையல், கண்ணாடி ஆகியவற்றைப் பெட்டியில் வைத்து, ஆண்டுதோறும் எடுத்துப் படைத்து, திரும்ப வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டியை நினைத்த நேரத்தில் யாரும் திறப்பதில்லை. விருந்தாளிக்குக் காட்டுவதும் இல்லை. ஆக, நம் சமயம் எல்லாவற்றையும் கரைத்துவிடச் சொல்கிறது என்பது பாதி உண்மை. வைத்துக் காக்கும் மரபும் இங்கே இருக்கிறது, அது கட்டுப்பாட்டோடு இருக்கிறது. பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தென்காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகலாம். 15ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னால் இந்தக் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். முகம் தெரியாத பிற்காலத்தாரிடம் ஓர் அரசன் பணிந்து வேண்டிக்கொள்கிறான். சிதைந்து போன கோபுரம் 1990இல் திரும்ப எழுந்தபோது அந்த வேண்டுதலுக்குப் பதில் கிடைத்தது என்றே சொல்லலாம். ஆனால் இங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. பாண்டியன் நம்மைப் பார்த்துப் பேசினான். கடையநல்லூரில் இருந்த மனைவிக்குப் பினாங்கிலிருந்து எழுதியவன் நம்மைப் பார்த்துப் பேசவில்லை. கல்வெட்டு எல்லோருக்கும் எழுதியது. கடிதம் ஒரே ஒருத்திக்கு எழுதியது.

இறந்தவர்களுக்கு அந்தரங்கம் உண்டா? இல்லை என்று வாதிடுவது எளிது. இல்லாத ஒருவருக்கு எப்படித் தீங்கு செய்ய முடியும்? உயிர் தொடர்ந்து இருக்கிறது என்று நம்புகிறவர்கள்கூட அது பழைய பிறவியை மறந்துவிட்டது என்றுதானே சொல்கிறார்கள். மறந்தவருக்கு மானக்கேடு ஏது? இதற்கான பதில் கடன் என்ற எண்ணத்தில் இருக்கிறது. தகப்பன் வாங்கிய கடனை மகன் அடைக்க வேண்டும் என்பதை இந்துச் சட்டம் சமயக் கடமையாகவே நெடுங்காலம் வைத்திருந்தது. 2005இல் வந்த திருத்தம்தான் அதை நீக்கியது. கடன் கொடுத்தவனை நினைத்து மட்டும் அந்தக் கடமை வைக்கப்படவில்லை. சொன்ன சொல் சொன்னவனோடு சாகக் கூடாது என்பதே அதன் வேர். ஒருவர் இன்னொருவருக்கு எழுதி உறையை ஒட்டும்போது இது நமக்குள் என்று ஓர் ஒப்பந்தம் நடக்கிறது. எழுதியவர் போனாலும் பெற்றவர் போனாலும், உறையைக் கையில் வைத்திருப்பவர் அந்த ஒப்பந்தத்துக்கு வாரிசாகிறார். சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தாள் வாங்கியவருக்குச் சொந்தம், வெளியிடும் உரிமை எழுதியவரின் வாரிசுக்குச் சொந்தம். யாருக்கும் முழு உரிமை இல்லை. தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்று சொல்லும் நெறியில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவன் அதைத் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்த முடியாது, பாழாக விடவும் முடியாது. கரிவலம்வந்தநல்லூரில் நடந்த தவறும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. அந்த ஏடுகள் எரித்தவர்களின் சொத்து இல்லை.

சரி, காத்து வைத்தாயிற்று. வெளியே காட்டலாமா? இங்கேதான் தமிழ் இலக்கணம் ஓர் அறநூலாக மாறி நிற்கிறது. அன்புடைய இருவரின் ஒழுக்கத்தைப் பாடும் அகத்திணையில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இதைக் கவிஞர்களுக்கான உத்தி என்று மட்டும் நாம் படித்துப் பழகிவிட்டோம். எனக்கு அது காதலைக் குறித்த ஒரு மெய்யியல் நிலைப்பாடாகவே படுகிறது. இருவருக்கு நடுவே நடப்பது உலகத்துக்கே பொதுவானது. ஆனால் அது அந்த இருவருக்கு மட்டுமே உரியதும்கூட. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வேண்டுமானால் பெயரை எடுத்துவிட வேண்டும். பெயர் போனால் அந்தரங்கமும் காக்கப்படும், அனுபவமும் எல்லோருக்கும் சொந்தமாகும். குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் என்று நாம் அழைக்கும் புலவரின் இயற்பெயர்கூட நமக்குத் தெரியாது. பாட்டுக்குள் இருக்கும் உவமையைக் கொண்டே அவருக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டாக அந்தப் பாட்டுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

விதி மீறப்பட்ட இடம் விதியைவிட அதிகம் கற்றுத்தருகிறது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் வாடைக்காற்று அடிக்கும் நள்ளிரவில் அரண்மனையில் அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். அரசனோ பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். போர்க்காலப் பிரிவை இதைவிடத் துல்லியமாகத் தமிழில் யாரும் எழுதிவிடவில்லை. அகப்பாட்டாக நிற்க வேண்டிய இதை, பொதுவாழ்வைப் பாடும் புறத்தில் சேர்த்தார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். காரணம் ஒன்றே ஒன்று. அரசனோடு போகும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர் குடிப்பூ. ஆகவே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஓர் அடையாளம் தெரிந்ததற்கே பாட்டின் தகுதி மாறிவிட்டது. உரைகாரர் அந்தப் பாட்டை எரிக்கச் சொல்லவில்லை, குற்றம் என்றும் சொல்லவில்லை. இடத்தை மாற்றி வைத்தார். குடும்பக் கடிதங்களுக்கும் இதுவே அளவுகோல் என்பேன். பெயரோடும் ஊரோடும் ஒரு கடிதத்தை வெளியிட்டால் அது புறத்துக்குப் போய்விடுகிறது. அப்படி அனுப்புவதற்குப் புறத்தில் ஒரு காரணம் இருக்க வேண்டும். எங்கள் தாத்தாவும் ஆச்சியும் எவ்வளவு அன்பாக இருந்தார்கள் பாருங்கள் என்ற பெருமை அந்தக் காரணமாகாது.

புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் இதற்கு எதிர்ச்சாட்சி இல்லையா என்று கேட்கலாம். 1932இல் மணந்துகொண்ட இருவரும் நீண்ட நாட்கள் பிரிந்து வாழ்ந்தார்கள். அவர் சென்னையில் பத்திரிகை வேலையிலும் பிறகு சினிமாவிலும். கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில். இளையபாரதி தொகுத்த ‘கண்மணி கமலாவுக்கு’ நூலில் உள்ள கடிதங்கள் போருக்குச் சற்று முன்பிருந்து அவர் இறந்த 1948 வரை நீள்கின்றன. ரயிலில் போன தபால் என்றால் அவை இந்தச் செங்கோட்டைக் கணவாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பணமுடையும் ஏக்கமும் கொஞ்சலும் கலந்த அந்தக் கடிதங்கள் பெயரோடுதான் அச்சாயின. தமிழ் வாசகர்களுக்கு அதனால் ஆதாயமே தவிர இழப்பில்லை. ஆனால் அவர் புறத்தில் நின்ற மனிதர். கதைகளால் தம் பெயரைத் தாமே ஊர்ப்பொதுவில் வைத்தவர். அந்தக் கடிதங்கள் கமலாவிடம் பத்திரமாக இருந்ததாலேயே நமக்கு வந்தன. கமலாவும் எழுத்தாளர், எழுத்து வெளியே போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். எழுதப் படிக்கத் திணறிய ஒரு நெசவாளியின் மனைவிக்கு அந்தத் தேர்வு கொடுக்கப்படவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த நூலில் நாம் கேட்பது கணவனின் குரல். எழுத்தாளர் காஃப்கா தம் காதலி ஃபெலிஸ் பாவருக்கு 1912 முதல் 1917 வரை, பிற்பகுதி முதல் உலகப் போருக்குள், எழுதிய கடிதங்களிலும் இதே கதை. ஃபெலிஸ் காத்து வைத்து 1955இல் பதிப்பாளருக்கு விற்றார். ஃபெலிஸ் எழுதிய பதில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ஆண்கள் பாசறையிலும் கப்பலிலும் வாடகை அறையிலும் தொலைத்தார்கள். ஆகவே பெட்டியில் இருக்கும் கட்டு எப்போதும் ஒற்றைக் குரல். அதை மட்டும் வெளியிட்டுவிட்டு இருவரின் காதல் என்று பெயர் வைப்பதில் ஒரு பொய் இருக்கிறது.

வரலாற்று ஆசிரியர்களின் ஆட்சேபம் வலுவானது. பெயரும் தேதியும் ஊரும் இல்லாத ஆவணம் ஆவணமே இல்லை என்பார்கள். செங்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டாம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட செங்கோட்டை வாஞ்சிநாதனின் பையில் இருந்த கடிதத்தை யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாவிட்டால் அதற்கு என்ன மதிப்பு? உண்மைதான். ஆனால் அந்தக் கடிதம் பிறர் எடுத்துப் படிப்பதற்காகவே எழுதிப் பையில் வைக்கப்பட்டது, பிறந்தபோதே புறம். வாஞ்சிநாதனுக்கு ஒரு மனைவியும் இருந்தாள். அந்த இருவருக்கு நடுவே என்ன இருந்தது என்பது ஊருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஊருக்கு உரிமை இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. முதல் உலகப் போரில் பிரான்சில் கிடந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள் இன்னொரு வகை. ராணுவத் தணிக்கை அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் பிரித்துப் படித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அறிக்கையாகத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில்லாமல் அந்தச் சிப்பாய்களின் மனத்தை வரலாறு அறிந்திருக்காது. மனைவிக்கு எழுதியதை மேலதிகாரி படித்ததால் நமக்குக் கிடைத்த செல்வம் அது. வரலாற்றாளர்கள் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் அது பறித்தெடுத்த செல்வம் என்ற நினைப்பு இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெட்டியை நாமே பிரித்துப் பரப்பும்போது தணிக்கை அதிகாரியின் நாற்காலியில் உட்காருகிறோம். போர்க்கால அவசரம் என்ற சாக்குகூட நமக்கு இல்லை.

அதற்காக என்றென்றும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. இங்கே சிராத்தச் சடங்கு ஒரு கணக்கைத் தருகிறது. எள்ளும் தண்ணீரும் விடும்போது தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். வசுக்கள், ருத்திரர்கள், ஆதித்தியர்கள் என்று அவர்கள் படிப்படியாக மேலே போகிறார்கள். அதற்கும் மேலே போனவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை, பொதுவில் பிதிர்கள். ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நின்று தர்ப்பணம் செய்யும் கூட்டம் முழுவதும் இந்தக் கணக்கையே பின்பற்றுகிறது. மரணம் ஒருவரின் பெயரை உடனே பறித்துவிடுவதில்லை, மெல்ல உதிர்க்கிறது. நேரில் அறிந்தவர்கள் இருக்கும் வரை பெயர் குடும்பத்துக்குள் இருக்கட்டும். அதற்குப் பிறகு கடிதம் பெயரில்லாமல் ஊருக்குப் போகட்டும், ஆராய்ச்சிக்குப் போகட்டும். தேதியும் இடமும் தபால் முத்திரையும் இருந்தால் வரலாற்றாளருக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். 1943இல் அரிசி விலை என்ன, எந்த வதந்தி பரவியது, மலாயாவிலிருந்து தகவல் வராத வீடுகளில் பெண்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதற்கெல்லாம் ஆச்சியின் பெயர் தேவையில்லை.

புகைப்படம் மட்டும் இந்தக் கணக்குக்கு நேர் எதிராக நடக்கிறது. பெயரில்லாத காதல் கடிதம் வாழும்; பெயரில்லாத புகைப்படம் செத்த தாள். காரணம் எளிது. கடிதத்துக்குள் ஒரு குரல் இருக்கிறது, அது யாருடையது என்று தெரியாவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்கும். படத்தில் இருப்பவர் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் அவருக்காகப் பேச வேண்டும். கடையத்துப் பெண்ணான செல்லம்மாளின் கணவர் பாரதிக்கு அறியப்பட்ட புகைப்படங்கள் மொத்தம் ஐந்துதான். ஒவ்வொன்றும் எங்கே எடுத்தது, உடன் இருப்பவர் யார் என்று எத்தனை பேர் எவ்வளவு உழைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். படத்தின் இன்னொரு தனித்தன்மை அது வீட்டில் தெய்வமாகிவிடுவது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சிறுவிளக்கும் எரியவிட்டால் அந்த முகம் ஊர் பார்க்கச் சம்மதித்த முகமாகிறது. ஆகவே கூடத்துப் படத்துக்குப் புறத்தின் நியாயம் பொருந்தும், பின்னால் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். பெட்டியில் கடிதத்தோடு கட்டிக் கிடக்கும் படம் அப்படியில்லை. பட்டாளத்துக்குப் போகுமுன் ஸ்டுடியோவில் எடுத்து அவளுக்கு மட்டும் அனுப்பிய படம் கடிதத்தின் ஒரு பக்கமே, அதற்குக் கடிதத்தின் விதிதான். இரண்டையும் பிரித்து ஆல்பத்தில் ஒட்டுவதே முதல் சேதம். ஒட்டும் பசை ஆல்பங்களும் லேமினேஷனும் செய்த சேதத்தை நான் இங்கே அடுக்கத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் சாட்சி இருக்கிறது.

எரிக்கச் சொல்லி எழுதியவரே கேட்டிருந்தால்? எரித்துவிட வேண்டும் என்றே நினைக்கிறேன். காஃப்கா தம் எழுத்துகளை எரிக்கச் சொல்லியும் நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்காததால் உலகம் பிழைத்தது என்பது உண்மைதான். ஆனால் பிராட் காப்பாற்றியது முதன்மையாக நாவல்களை. வாசகனுக்காகத் தொடங்கி எழுத்தாளர் நம்பிக்கை இழந்து கைவிட்டவற்றை. அதைக் காட்டி ஒரு பெண் தன் கணவனின் கடிதங்களைத் தன்னோடு சேர்த்து எரித்துவிடுங்கள் என்று சொன்ன சொல்லை மீற முடியாது. அவள் சிதையில் அவை போவது ஹோமம். கரிவலம்வந்தநல்லூரில் இல்லாத சம்மதம் இங்கே இருக்கிறது. எதுவும் சொல்லாமல் போனவர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் சும்மா இருந்ததும் ஒரு சாட்சி. எரிக்க நினைத்திருந்தால் அடுப்பு பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு போகியன்றும் பழையதை எரித்தவள், வீடு மாறும்போதெல்லாம் அந்தக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள் என்றால், காக்கச் சொன்னதாகவே அதைக் கொள்ள வேண்டும். காட்டச் சொன்னதாகக் கொள்ள முடியாது.

காப்பதற்கு இந்தப் பக்கத்தில் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும் நாட்டில் ஈரம் தாளுக்குள் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். ராமபாணப் பூச்சியும் கறையானும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். போர்க்காலத் தாளோ தட்டுப்பாட்டில் செய்த மட்டத்தாள், மடித்த இடத்தில் தானே ஒடிகிறது. துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையில் மூடாமல் பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வைத்தால் இன்னும் இரண்டு தலைமுறை தாங்கும். படியெடுத்து வைக்கலாம், ஆனால் படி எடுத்தாயிற்று என்று மூலத்தைத் தூக்கிப் போடக் கூடாது. மை எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே கலைந்திருக்கிறது என்பதெல்லாம் தாளில்தான் இருக்கிறது. தாளுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் மிச்சமிருக்கிறது. கடிதக் கட்டில் இல்லாத மறுகுரலை, அவள் என்ன எழுதினாள் என்பதை, அறிந்தவர் வாயால் கேட்டு எழுதிச் சேர்க்க வேண்டும். அப்படி நினைவுகூரக்கூடியவர்களில் இன்னும் இருப்பவர்கள் பெரும்பாலும் 90 வயதைக் கடந்த தங்கைகளும் கொழுந்தியாள்களும். அவர்களில் சிலர், அந்தக் காலத்தில் எழுதத் தெரியாத அக்காவுக்காகத் தாங்களே பதில் எழுதிக் கொடுத்தவர்களாகவும் இருக்கலாம். பெட்டியைத் திறக்கலாமா என்று முதலில் கேட்க வேண்டியதும் அவர்களிடம்தான்.